பிரிண்டரிலிருந்து தரவுத்தளத்துக்கு: கிளிநொச்சியில் இருந்தபடியே துறை மாறுவது எப்படி

வன்னியில் ஒரு கந்தோரின் "கொம்பியூட்டர் ஆள்" என்றால் எல்லாவற்றுக்கும் அவர்தான். பிரிண்டர், வைஃபை, கைரேகை மெசின், சிசிடிவி, யூபிஎஸ் பற்றரி, பணிப்பாளரின் லப்டொப், பக்கத்து அறையின் நெற்வேர்க் கேபிள். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று ஐந்தாறு வருடம் இப்படி வேலை செய்த பலரை எனக்குத் தெரியும். நல்ல கெட்டிக்காரர்கள். எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றையும் அடிவரை போய்ப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. அவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, ஒரு துறைக்குள்ள போறது எப்பிடி? கொழும்புக்குப் போகாமல் ஏலுமோ?"

ஏலும். விண்டோஸ் சேவரும் நெற்வேர்க்கும் பார்த்துக்கொண்டிருந்த நான் இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடும் தரவுத்தளங்களை, அதாவது கந்தோர்களின் பதிவுகள் சேமித்திருக்கும் இடங்களைப் பார்க்கிறேன், பெரும்பாலும் கிளிநொச்சியில் என் வீட்டிலிருந்து. நான் போன பாதையை வைத்தே இதை எழுதுகிறேன். நீங்கள் போக நினைப்பது செக்யூரிற்றியோ கிளவுட்டோ ஸ்ரோரேஜோ, பெயர்களை மாற்றிக்கொண்டால் வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய இதுதான்.

எந்தத் துறை என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கொப்பி எடுத்து ஒரு மாதம் எழுதுங்கள்: யார் கூப்பிட்டார், என்ன பழுது, எவ்வளவு நேரம் போனது, திருத்தி முடித்த பிறகும் எது மனதைவிட்டுப் போகவில்லை. கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் துறை. பிரிண்டர் பழுதானால் அரைநாள் வேலை போகும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பதிவுகள் அழிந்தால் ஐந்நூறு குடும்பங்களின் கணக்குப் போகும். அந்த வித்தியாசம்தான் என்னை இரவிலும் யோசிக்க வைத்தது.

அந்தத் துறை உங்களைச் சுற்றி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் இலவசம், திறந்த மூலம். 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. பல கடைகளும் கொம்பனிகளும் வைத்திருக்கும் ஓடூ என்ற வணிக நிர்வாக மென்பொருள் அதன்மேல் ஓடுகிறது. 2020இன் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கொவிட் கண்காணிப்புக்காகப் பதிவு செய்ய இலங்கையில் உருவாக்கிய முறைமை டிஎச்ஐஎஸ் 2 என்ற சுகாதார மென்பொருளில் கட்டப்பட்டது. அதற்கு அடியிலும் போஸ்ட்கிரெஸ்தான். மூடில் என்ற இணையவழி வகுப்பறையையும் அதில் ஓட்டலாம். ஆகவே உங்கள் ஊரில் "தரவுத்தள நிர்வாகி தேவை" என்று ஒரு விளம்பரமும் வராவிட்டாலும், தரவுத்தளம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கையில் இருப்பதும் விடவேண்டியதும்

புதுத் துறைக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்துப் பழகிய கைக்கு ரோல், கிரான்ட் என்ற போஸ்ட்கிரெஸ் அனுமதிகள் ஒரு பின்னேரத்தில் விளங்கும். டிஎன்எஸ், ஃபயர்வோல் தெரிந்தவருக்கு, போஸ்ட்கிரெஸ் பாவிக்கும் 5432 போர்ட் ஏன் வெளியுலகுக்குத் திறந்திருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஈவென்ட் வியூவரில் பிழைச் செய்தியைப் பொறுமையாக வாசித்த பழக்கம், சேவர் தன் செய்திகளை எழுதிவைக்கும் லொக் கோப்பை வாசிக்க உதவும். எரிச்சலோடு கூப்பிடுகிற ஒருவரிடம் அமைதியாகக் கதைக்கத் தெரிந்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய முதல்.

விடவேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது: றீஸ்ராட். டெஸ்க்ரொப் வேலையில் அது பாதிப் பழுதுகளுக்கு மருந்து. தரவுத்தள சேவரில் அதைச் செய்தால் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் அறுந்துபோகும், நினைவகத்தில் சூடாக இருந்த தரவு போய்விடும், எது எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்ற தடயமும் அழிந்துவிடும். முதலில் பிஜி ஸ்டாட் அக்டிவிற்றி என்ற பட்டியலைத் திறந்து, எந்தக் குவெரி, அதாவது தரவைக் கேட்கும் கட்டளை, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைச் சேமித்துவைத்த பிறகுதான் கை வைக்கவேண்டும்.

மேசைக்குக் கீழே ஒரு மெசின்

பழைய டெஸ்க்ரொப் ஒன்று போதும். 8 ஜிபி றாம், ஒரு சிறிய எஸ்எஸ்டி, டெபியன் லினக்ஸ். கிளவுட்டில் இலவசக் கணக்குத் திறக்கலாம், ஆனால் கையால் பிளக்கைப் பிடுங்கக்கூடிய மெசின் கற்றுத்தருவதைக் கிளவுட் கற்றுத்தராது. போஸ்ட்கிரெஸ்ஸின் கைநூலைப் பிடிஎஃப் ஆக இரவுநேர டேட்டாவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லாத நாளிலும் படிக்கலாம். ஏறக்குறைய மூவாயிரம் பக்கம் என்று பயப்படவேண்டாம். முதல் சுற்றில் தேவையானது சேவர் நிர்வாகப் பகுதி மட்டும், அதிலும் பக்கப், நம்பகத்தன்மை, வழக்கமான பராமரிப்பு என்ற அத்தியாயங்கள். நான் அறிந்த தொழில்நுட்பக் கைநூல்களில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டது குறைவு. எந்த வசதி எங்கே கைவிடும் என்பதையும் அதுவே சொல்லும்.

இப்போது பிளக்.

எங்கள் பக்கத்தில் கறண்ட் போவது புதினமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். யூபிஎஸ் இருந்தும் பற்றரி செத்துக் கிடந்த கந்தோர்கள் எத்தனை. ஆகவே கறண்ட் திடீரென்று போனால் தரவுக்கு என்ன நடக்கும் என்பதை வன்னியில் இந்தத் தொழில் செய்கிறவர் தன் கண்ணால் பார்த்திருக்கவேண்டும்.

முதலில் உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள். சங்கக் கடை முகாமையாளர் விற்பனையை உடனே நாளேட்டில் எழுதிவிட்டு, பேரேட்டில் ஆறுதலாகப் பதிவது போலத்தான் போஸ்ட்கிரெஸ்ஸும். ஒரு மாற்றத்தை உறுதி செய்யும்போது, அதாவது கொமிற் செய்யும்போது, அது முதலில் ரைட் அஹெட் லொக் என்ற கோப்பில் எழுதப்பட்டு டிஸ்க்கில் இறங்கும். அதற்குப் பிறகே "சரி" என்று பதில் வரும். 8 கேபி அளவான உண்மையான தரவுப் பக்கங்கள் பிறகு, செக்பொயின்ற் எனப்படும் நேரங்களில், மொத்தமாக டிஸ்க்குக்குப் போகும். இடையில் கறண்ட் போனால், திரும்பி எழும்பும்போது கடைசிச் செக்பொயின்றிலிருந்து அந்த லொக்கை வாசித்து, விடுபட்டதை எல்லாம் மறுபடி பதிந்துகொள்ளும்.

இதை இப்படிச் சோதியுங்கள். பற்றரி உள்ள லப்டொப்பை ஒரு கேபிளால் அந்த மெசினோடு இணையுங்கள். லப்டொப்பில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று: 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாக டேபிளில் போடவேண்டும், சேவர் "சரி" என்று சொன்ன பிறகே அந்த எண்ணைத் திரையில் காட்டவேண்டும். எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது டெஸ்க்ரொப்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்கிரிப்ட் நின்றுவிடும். திரையில் கடைசியாக நிற்கும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். மெசினைத் திரும்பப் போட்டு, சேவரின் செய்திகள் இருக்கும் லொக் கோப்பைத் திறந்தால், முன்பு ஒழுங்காக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது என்ற வரியும், ரைட் அஹெட் லொக்கை எங்கிருந்து எதுவரை மறுபடி ஓட்டியது என்ற வரிகளும், இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரியும் இருக்கும். பிறகு டேபிளில் ஆகப் பெரிய எண்ணைக் கேளுங்கள். கொப்பியில் உள்ள எண் கட்டாயம் இருக்கவேண்டும். ஒன்று கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் சேவர் எழுதி முடித்து "சரி" சொல்வதற்கு முன் கேபிள் செத்திருக்கும். குறையவே கூடாது.

குறைந்தால்? அந்த டிஸ்க் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று பொய் சொல்கிறது. சில மலிவான எஸ்எஸ்டிகள் அப்படிச் செய்யும். எந்தக் கந்தோருக்கு டிஸ்க் வாங்கச் சொன்னாலும் இந்தச் சோதனையை நான் செய்துதான் கொடுப்பேன்.

அடுத்து, லொக் டிஸ்க்கில் இறங்கும்வரை "சரி" சொல்லாமல் காத்திருக்கவைக்கும் சிங்க்ரனஸ் கொமிற் செற்றிங்கை நிறுத்திவிட்டு அதே சோதனை. கடைசிச் சில எண்கள் காணாமற்போகலாம், ஆனால் தரவுத்தளம் சீராகவே எழும்பும். பிறகு, டிஸ்க்கில் உண்மையாகவே எழுதச் சொல்லி வற்புறுத்தும் எஃப்சிங்க் செற்றிங்கை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இப்போது எண்கள் போவது மட்டுமல்ல, தரவுத்தளமே பழுதாகி எழும்பாமல் கிடக்கலாம். "வேகம் கூடும்" என்று யாராவது எஃப்சிங்க்கை நிறுத்தச் சொன்னால் என்ன பதில் சொல்லவேண்டும் என்பது அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். பிளக் பிடுங்குகிற மெசினில் சொந்தக் கோப்பு ஒன்றும் வைத்திருக்காதீர்கள்.

பக்கப் எடுப்பதும் மீட்பதும்

இந்தத் துறையின் நடுப்பகுதி இதுதான், இங்கேதான் அதிக நேரத்தைச் செலவழிக்கவேண்டும்.

2017 ஜனவரி 31இல், மென்பொருள் எழுதுபவர்களின் மூலக்குறியீட்டைச் சேமித்துவைக்கும் கிட்லாப் கொம்பனியில் நடந்தது உலகத்துக்கே தெரியும், ஏனென்றால் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். களைத்திருந்த ஒரு பொறியியலாளர், நகல் சேவரில் அழிக்க நினைத்த ஃபோல்டரைப் பிரதான சேவரில் அழித்தார். சுமார் 300 ஜிபி போனது. பக்கப்பைத் தேடினால், பக்கப் எடுக்கும் பிஜி டம்ப் கருவியின் பழைய பதிப்பு புதிய சேவரோடு ஒத்துவராமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்கு எடுத்த ஸ்னப்ஷொட், அதாவது அந்த நேரத்து நகல், ஒன்று இருந்ததால் மீண்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் அப்படியென்றால், மேசை லாச்சிக்குள் ஒரு பென்டிரைவில் பக்கப் இருக்கிறது என்று நம்புகிற கந்தோரின் நிலையை யோசியுங்கள். மீட்டுப் பார்க்காத பக்கப்பை நான் பக்கப்பாகக் கணக்கெடுப்பதில்லை.

இரண்டு வழிகளையும் பழகுங்கள். பிஜி டம்ப் ஒரு தரவுத்தளத்தை அப்படியே கோப்பாக இறக்கும். சின்னக் கந்தோருக்கு அதுவே போதும். ஆனால் பாவனையாளர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதற்குள் வராது. அவற்றை பிஜி டம்ப்ஓல் கட்டளையால் தனியாக எடுக்கவேண்டும். புது மெசினில் மீட்கும்போது உரிமையாளர் இல்லை என்று வரிவரியாகப் பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். மீட்டு முடிந்ததும், டேபிள்களின் புள்ளிவிபரத்தைச் சேர்க்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் செத்துக் கிடக்கும்.

இரண்டாவது வழி, பிஜி பேஸ்பக்கப் கட்டளையால் முழுச் சேவரின் தரவையும் நகலெடுத்து, அதற்குப் பிறகு வரும் ரைட் அஹெட் லொக் கோப்புகளை, ஒவ்வொன்றும் 16 எம்பி, வேறு மெசினுக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பது. இதில் நேரத்தைப் பின்னோக்கிப் பிடிக்கலாம். பயிற்சி இப்படி: பக்கப் ஓடிக்கொண்டிருக்கட்டும். 10:15க்கு நிபந்தனை போடாமல் ஒரு டேபிளை முழுக்க அழியுங்கள். பிறகு தனி இடத்தில் மீட்பைத் தொடங்கி, இலக்கு நேரத்தை 10:14 என்று கொடுங்கள். அந்த நேரத்துக்கு வந்ததும் அது நின்று உங்களைப் பார்க்கவிடும். பதிவுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகு முன்னே போகச் சொல்லலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சேவரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் எங்கள் 10:14 அதற்கு 04:44. எந்த நேரவலயம் என்பதையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள். ஐந்தரை மணித்தியாலம் பிழைத்துப் போகும் மீட்பு, மீட்பே இல்லை.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று மீட்டுப் பார்த்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பதிவுகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்தத் தாள்கள் கதைக்கும்.

ஆலையின் அறிக்கை

பரந்தன் பக்கத்து நெல் ஆலை ஒன்றில் காலபோக அறுவடை நேரத்தில் கொள்வனவு அறிக்கை எடுக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். "புது சேவர் வாங்க வேணும் எண்டு சொல்லினம், உண்மையோ?" என்று முதலாளி கேட்டதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார். முதலில், குவெரியை ஓட்டும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு விவசாயியின் ஒரு கிழமை மூடைகளைக் காட்ட, எல்லாப் போகங்களின் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தது. விவசாயி இலக்கம், திகதி என்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான சுட்டி, போட்டேன், ஆலை ஓடிக்கொண்டிருந்ததால் எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ற் முறையில். அறிக்கை உடனே வந்தது. சேவர் வாங்கவில்லை.

இதில் கற்றுக்கொள்ளவேண்டியது இன்டெக்ஸ் போடுவது மட்டுமல்ல. அந்தத் திட்டத்தை வாசிக்கும்போது, எத்தனை பதிவு வரும் என்று அது எதிர்பார்த்த எண்ணையும் உண்மையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கிற இடத்தில்தான் பழுது ஒளிந்திருக்கும். ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதும் வேலையைக் கூட்டும் என்பதால், கண்ட கண்ட இடத்தில் போடவேண்டாம்.

வக்யூம் பற்றியும் சுருக்கமாக: போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பதிவை மாற்றினால் பழையது உடனே அழிவதில்லை, ஓட்டோவக்யூம் வந்து துப்பரவாக்கும். டேபிளின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாறினால் அது தானாகத் தொடங்கும். அதை நிறுத்தாதீர்கள். பெரிய டேபிளுக்கு அந்தப் பங்கைக் குறைத்து வையுங்கள்.

தமிழ் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை

எங்கள் கந்தோர்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்ப்பட்டியல்கள் கிடக்கின்றன. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். தரவுத்தளத்துக்குள் போனால் அது வெறும் ஆங்கில எழுத்துகள்தான், மெய்யெழுத்தின் புள்ளி நிற்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளிக் குறி நிற்கும். அதே சங்கத்தில் புதுப் பதிவுகள் யூனிகோட்டில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகி, தேடினால் ஒன்றும் கிடைக்காமல், நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் விடுபட்டுப்போகலாம். ஏற்றுவதற்கு முன் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றியதைக் கண்ணால் வாசித்துச் சரிபாருங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதிய முகவரிகளையும் மாற்றி அந்தக் கருவி குழப்பியிருக்கும்.

யூனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு. "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்ப்பதற்கு ஒன்று, தேடலுக்கு வேறு. போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து நோர்மலைஸ் என்ற வசதி இருக்கிறது; பெயர்களை அதனூடாக விட்டு ஒரே வடிவத்தில் வையுங்கள். தமிழ் அகரவரிசைக்கு ஐசியு கொலேஷன் என்ற வரிசைப்படுத்தும் விதியைப் பாவியுங்கள். இதை மொழி தெரிந்த நிர்வாகியால்தான் கண்டுபிடிக்கமுடியும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பார்க்கிறவருக்கு இரண்டு "கொ"வும் ஒன்றுதான்.

இருக்கிற வேலைக்குள் இடம் பிடிப்பது

வேலையை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். இருக்கிற கந்தோரில் ஒரு தரவுத்தளத்தின் பக்கப்பை உங்கள் பொறுப்பில் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில். மென்பொருள் விற்றவர்களிடம், நாங்கள் பக்கப்பை வேறு மெசினில் மீட்டுப் பார்க்கலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவரில் பழகவேண்டாம். உண்மையான ஆட்களின் தரவைப் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அது இல்லாவிட்டாலும், எங்கள் சனத்தின் காணி, கடன், காணாமற்போனோர் விபரங்கள் எவரின் மேசைக்குக் கீழும் கிடக்கவேண்டியவை அல்ல. பயிற்சிக்கு ஜெனரேற் சீரிஸ் கட்டளையால் பத்து லட்சம் போலிப் பதிவுகளை ஒரு வரியில் உருவாக்கலாம்.

பிரிண்டர் அழைப்புகள் நிற்காது. ஒரு இளையவருக்கு அவற்றைப் பழக்குங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல்நகர் வளாகத்திலும் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் கொப்பியைக் கொடுங்கள்.

வீட்டிலிருந்து வெளியூர்க் கொம்பனிக்கு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு, ரவுற்றருக்கும் லப்டொப்புக்கும் தாங்கக்கூடிய பற்றரி, இவை விண்ணப்பத்துக்கு முன்பே வேண்டும். நேர்முகத்தில் இதைக் கேட்பார்கள். ஆங்கிலத்தில் சரளமாகக் கதைக்க வராவிட்டாலும் பிழைக்கலாம். தெளிவாக நாலு வரி எழுத வரவேண்டும், ஏனென்றால் இரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பதை எழுதித்தான் சொல்லப்போகிறீர்கள்.

புது வேலை கிடைத்தால் முதல் கிழமை எந்த செற்றிங்கையும் தொடாதீர்கள். தரவை நினைவகத்தில் வைத்திருக்க ஒதுக்கும் ஷெயார்ட் பஃபர்ஸ் இன்னும் ஆரம்ப அளவான 128 எம்பியில் கிடந்தாலும் விடுங்கள். கடைசி பக்கப் எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக மீட்டுப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு தனி மெசின் கேட்டு வாங்கி, அதை நீங்களே மீட்டு, எடுத்த நேரத்தை மேலாளருக்கு எழுதி அனுப்புங்கள். அதற்கான பதில் வந்த பிறகு ஷெயார்ட் பஃபர்ஸை றாமின் கால்வாசியாகக் கூட்டுவதைப் பற்றிக் கதைக்கலாம்.